டில்காட்டுக்கு எண்பது வயது

செர்வே ரஹியேயிடம் துப்பாக்கி கொண்டு வருகிறவர்கள் முதலில் அதன் பெயரை மறைக்க வேண்டும். அது அவர் வைத்த சட்டம். மேசைமேல் ஒட்டுப் பிளாஸ்திரிச் சுருள் ஒன்று எப்போதும் கிடக்கும். வந்தவர் தாமே ஒரு துண்டு கிழித்து, இரண்டு குழாய்களுக்கும் நடுவே ஓடும் பட்டையில் பொறித்திருக்கும் பெயரின்மேல் ஒட்ட வேண்டும். ஒட்டி முடிக்கிறவரை செர்வே ஜன்னல் பக்கம் திரும்பி வெஸ்துர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பெயரைப் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. மேலே இருப்பது விற்கிறவன் பேச்சு. குழாயைக் கழற்றித் திருப்பினால் அடிவயிற்றில் குத்தியிருக்கிறதே, மிளகு மிளகாகச் சின்ன முத்திரைகள், அவைதான் வாயைத் திறந்து உண்மை பேசும்.

பெல்ஜியத்து ஒல்வோ ஊர்க்காரர் ஒருவர் இப்படிச் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அந்த ஊரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இரும்புப் பட்டையை முறுக்கித் துப்பாக்கிக் குழாய் செய்தார்கள். வாங்குகிறவனுக்கு லண்டன் பெயர் வேண்டுமென்றால் லண்டன் பெயர், பாரிஸ் பெயர் வேண்டுமென்றால் பாரிஸ் பெயர். பெயருக்குத் தனிக் கூலிகூட வாங்கவில்லை. அந்தப் பாவத்தையெல்லாம் செர்வே ஒற்றை ஆளாக முப்பத்து நான்கு வருஷமாகத் தீர்த்துக்கொண்டிருந்தார். பார்த்த ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு அட்டை. பிறந்த ஊர், பிறந்த நாள், எடை, உடல்நிலை என்று ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி எழுதுவார். ஆறாயிரம் அட்டைக்குமேல் ஆகிவிட்டது. ஒன்றில்கூடப் பொய் கிடையாது. இதை அவரே சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

1978 டிசம்பர் ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, எழுபது வயதைத் தாண்டிய ஒரு அமெரிக்க அம்மாள் ஒரு கையில் தோல் பெட்டியும் இன்னொரு கையில் தோட்டா டப்பாவுமாக மாடிப்படி ஏறி வந்தாள். சட்டத்தைக் கேட்டாள். மறுபேச்சில்லாமல் பிளாஸ்திரியை ஒட்டினாள். செர்வே உட்கார்ந்து குழாய்களைக் கழற்றினார்.

"கேட்டுக்கோங்க, மதாம். இந்த முட்டை வட்டத்துக்குள்ள ஈ.எல்.ஜி.ன்னு இருக்கு. லியேஜ்ல சோதிச்சது. வட்டத்துக்கு மேல கிரீடம் இருக்கு, அப்போ ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூத்து மூணுக்கு அப்புறம். வருஷ எழுத்து இல்லை, அப்போ ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டுக்கு முன்னாடி. இந்த ரெண்டு எழுத்து குழாய் முறுக்கினவனோடது. இந்தத் தெருக்காரன்தான். மூணு கிலோ நூறு கிராம். இடது குழாய்ல லேசாப் பள்ளம். மத்தபடி நல்ல ஆரோக்கியம்."

"பிரமாதம்," என்றாள் அம்மாள். "இப்ப அதை எடுக்கலாமா?"

அவள் பிளாஸ்திரியை உரித்தாள். செர்வே பெயரைப் படித்தார். 'ஆம்ப்ரோஸ் டில்காட், லண்டன்.' அவர் முகம் புளித்துப்போயிற்று.

"நீங்க ஒஹையோவிலேருந்து வரலைன்னு சொல்லுங்க."

"ஒஹையோதான். நான் வெர்னா ஸ்டிக்லி. ஆர்வில் ஸ்டிக்லியோட சம்சாரம்."

"அந்த ஆளா? அவர் எங்கே? கீழே நிக்கிறாரா? வரச் சொல்லுங்க. இருபத்திரண்டு வருஷமா நேர்ல நாலு வார்த்தை கேக்கணும்னு இருக்கேன்."

"மேலேதான் இருக்கார்," என்று வெர்னா தோட்டா டப்பாவை மேசைமேல் வைத்தாள். "மார்ச் மாசம் போயிட்டார், இப்ப சாம்பலா. துப்பாக்கியை மூணு நாட்டுச் சுங்கத்துலயும் திறந்து பார்த்தாங்க. இவரை யாருமே திறக்கலை."

செர்வே எழுந்து நின்றார். அப்புறம் எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்தார். வழக்கமாக ஏப்ரலில் வரும் ஆர்வில் கடிதம் இந்த வருஷம் வராமல் போனதற்குக் காரணம் இப்போதுதான் தெரிந்தது. ஒரு தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட வேண்டிய மனுஷருக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை.

ஆர்வில் ஸ்டிக்லி யார் என்று கேட்டால், டில்காட் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சங்கத்தின் நிறுவனத் தலைவர். முப்பத்தோரு உறுப்பினர்கள். அத்தனை பேரும் தாத்தா காலத்தில் இரும்புக் கடையில் பதினொரு டாலருக்கு வாங்கிய துப்பாக்கியை வைத்துக்கொண்டு, இது லண்டன் மேதை டில்காட் கையால் செய்தது என்று நம்புகிறவர்கள். லண்டன் மேதையின் துப்பாக்கியில் பெல்ஜியம் முத்திரை எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், அதற்குத்தான் ஆர்வில் இருந்தார். 1956 முதல் செர்வேக்குப் பத்தொன்பது கடிதங்கள் எழுதினார். முதல் கடிதத்தில் டில்காட் லண்டனில் சண்டை போட்டுக்கொண்டு ஒல்வோவுக்கு ஓடி வந்தார். நான்காவதில் ஒரு ரொட்டிக்காரர் மகளைக் காதலித்தார். ஏழாவதில் இடது கையில் ஒரு விரலை இழந்தார், ஏனென்றால் இடது பக்கச் செதுக்கு வேலை கொஞ்சம் மேலோட்டமாக இருக்கிறதாம். பதினொன்றில் கத்தோலிக்கராக மாறினார்.

ஒவ்வொன்றுக்கும் செர்வே ஒரே வரியில் பதில் போட்டார்: 'ஐயா, அப்படி ஒரு ஆள் கிடையாது.' பன்னிரண்டாவது கடிதத்தில் டில்காட் துக்கத்தால் இறந்துபோனார் என்று வந்தபோது மட்டும் கோபம் தாங்காமல் இரண்டாவது வரி ஒன்று சேர்த்தார்: 'அவர் சாகவும் இல்லை.' பிறந்தால்தானே சாவதற்கு என்ற அர்த்தத்தில் எழுதினார். ஆர்வில் அதைச் சங்கப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் போட்டார். டில்காட் உயிரோடு இருக்கிறார் என்று பெல்ஜிய நிபுணர் ஒப்புக்கொண்டாராம். அந்த வருஷம் சங்கத்தில் ஒன்பது பேர் புதிதாகச் சேர்ந்தார்கள்.

"உங்க பதில் பத்தொன்பதையும் கண்ணாடி போட்டுக் கூடத்துல வரிசையா மாட்டியிருக்கோம்," என்றாள் வெர்னா.

"எதுக்கு? அதுல எல்லாத்துலயும் இல்லைன்னுதானே எழுதியிருக்கேன்?"

"இல்லாத ஆளை ஒருத்தர் இருபத்திரண்டு வருஷமா இல்லை இல்லைன்னு சொல்வாரான்னு ஆர்வில் கேப்பார். எதையோ மறைக்கிறார்னு சொல்வார். உங்க மேல அவருக்கு ரொம்ப மரியாதை."

செர்வே அலமாரியைத் திறந்து ஒரு பழைய கடித நகல் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் விரித்தார். ஒல்வோவில் எப்போதோ மூடிப்போன பட்டறையின் புத்தகம். 1898 டிசம்பர் ஏழாம் தேதி ஒஹையோ இரும்புக் கடைக்காரர் இருநூறு துப்பாக்கி கேட்டிருந்தார், மரியாதையான இங்கிலீஷ் பெயர் ஏதாவது போட்டு அனுப்பும்படி. ஓரத்தில் பட்டறைக் குமாஸ்தாவின் கையெழுத்தில் இரண்டே குறிப்புகள். ஆம்ப்ரோஸ், அன்றைய புனிதரின் பெயர், நாட்காட்டியிலிருந்து. டில்காட், பிஸ்கட் டப்பா மூடியிலிருந்து.

"இதுதான் மதாம் உங்க மேதை. ஒரு நாட்காட்டி, ஒரு பிஸ்கட் டப்பா."

வெர்னா கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். "சரி," என்றாள். "அவரோட கல்லறை எங்கே இருக்கு?"

செர்வே இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு ரயில், முசியே ரஹியே. ஆர்வில் கடைசியா என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். டில்காட் பக்கத்துல வைன்னார். வைக்க முடியலைன்னா இவரைத் திரும்பக் கொண்டுபோகணும். ஊர்ல எங்களுக்கு இருக்கிறது ஒரே ஒரு குழி இடம். அது எங்கம்மா பக்கத்துல. எங்கம்மா முப்பது வருஷம் இவர் சாப்பிட உக்காந்தாலே எழுந்து போயிடும். இந்தத் துப்பாக்கியைச் சாக்கடைக் குழாய்னு சொல்லும். ஒரு மனுஷனை நிரந்தரமா அங்கே படுக்க வைக்க எனக்கு மனசு வரலை."

"இல்லாத ஆள் பக்கத்துல எப்படி வைப்பீங்க? இல்லைன்னா இல்லைதான். நான் சொன்னா நம்ப மாட்டீங்களா? வாங்க, ஊர் அலுவலகத்துல முத்திரை குத்தியே வாங்கித் தர்றேன். பிறக்கலை, இருக்கலை, சாகலைன்னு. அதையும் கண்ணாடி போட்டு மாட்டுங்க."

இதுதான் செர்வே செய்த தவறு. இருபத்திரண்டு வருஷமாக ஒன்றிரண்டு வரியோடு நிறுத்திக்கொண்ட மனுஷர், அன்றைக்கு ஆத்திரத்தில் அரசாங்கத்தைக் கூப்பிட்டார்.

ஒல்வோ ஊர் அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவு பார்த்துக்கொண்டிருந்தவர் பிரோத். மெலிந்த மனுஷர். முப்பத்தெட்டு ரப்பர் முத்திரைகள், ஒவ்வொன்றும் அதனதன் கொக்கியில். செர்வே சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பதிவேடுகளை இரண்டு தடவை புரட்டினார். டில்காட் என்று யாரும் இல்லை.

"இல்லைதானே? எழுதிக் கொடுங்க."

"கொடுக்கலாமே. பதிவில் இல்லைங்கிறதுக்குப் பச்சைப் படிவம்." பிரோத் ஒரு பச்சைத் தாளை எடுத்துத் தட்டச்சில் செருகினார். "பதிவில் இல்லாதவர் பெயர், ஆம்ப்ரோஸ் டில்காட். பதிவில் இல்லாதவர் பிறந்த தேதி?"

"பிறக்கலைன்னுதானே சொல்லிக்கிட்டிருக்கேன்!"

"புரியுது முசியே ரஹியே. ஆனா எந்த டில்காட் இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது? நாளைக்கே வேற ஒரு டில்காட் வந்து, என்னை ஏன் இல்லைன்னு எழுதினீங்கன்னு சண்டைக்கு வந்தா? கட்டத்தைக் காலியா விட முடியாது. காலிக் கட்டம் இருந்தா முத்திரை விழாது."

செர்வேக்குப் பொறுமை போய்விட்டது. சட்டைப்பையிலிருந்து, நகல் புத்தகத்துத் தேதியோடு அன்று காலை எழுதிய துப்பாக்கி அட்டையை எடுத்து மேசைமேல் அடித்தார். "இந்தப் பேருக்கு இருக்கிறது இந்தத் துப்பாக்கி ஒண்ணுதான். இதைப் பார்த்து எதையாவது போட்டுத் தொலைங்க!"

பிரோத் அட்டையைப் பார்த்துத் தட்ட ஆரம்பித்தார். பிறந்த ஊர், ஒல்வோ. பிறந்த நாள், 1898 டிசம்பர் 7. எடை, மூன்று கிலோ நூறு கிராம். உடல்நிலை, நன்று, இடப்பக்கம் லேசான பள்ளம். அறிவிப்பவர், செர்வே ரஹியே. தட்டி முடித்து அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல எடை," என்றார்.

"யோவ், அது துப்பாக்கிய்யா!"

"எனக்குத் தெரியாதா? துப்பாக்கின்னு தெரியும். ஆனா படிவம் நிறைஞ்சிருச்சே. நிறைஞ்ச படிவத்தை வாங்க மாட்டேன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை." முத்திரை விழுந்தது. அடுத்த நிமிஷம் பிரோத் ஒரு புது உறையை எடுத்து அதன்மேல் டில்காட் என்று எழுதினார். சான்றிதழ் கொடுத்தால் நகலை உறையில் போட வேண்டும். உறை திறந்தால் அதற்கு எண் கொடுக்க வேண்டும். எண் கொடுத்தால் பெரிய பதிவேட்டில் ஏற்ற வேண்டும். செர்வே பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதையும் ஏற்றினார். ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"அடடே. வியாழக்கிழமை இவருக்கு எண்பது முடியுது."

"யாருக்கு?"

"முசியே டில்காட்டுக்கு. எண்பது முடியிற ஊர்க்காரங்களுக்கு நம்ம ஊர் சார்புல ஒரு அரிசித் தார்ட் கேக்கும் ஒரு பாட்டில் பெக்கே சாராயமும் உண்டு. வீட்டுக்கு அனுப்பவா, வந்து வாங்கிக்கிறாரா?"

வெர்னா தோட்டா டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அப்போ அவர் இருக்காரா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் கேலியே இல்லை.

செர்வே கத்தினார். கத்தியதில் பக்கத்து அறையில் நாய் வரி கட்ட வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெயரை அழி என்றார். அழிக்க முடியாது என்றார் பிரோத். பதிவேட்டில் ஏறியவர் வெளியே போக இரண்டே வழிதான். ஒன்று, வேறு ஊருக்குக் குடிபோக வேண்டும், அதற்கு அவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இன்னொன்று சாவு.

"அப்போ சாகடிங்க!"

"அதுக்கு மஞ்சள் படிவம். உடல் கிடைக்காத சாவு. அவரைத் தெரிஞ்ச ஒருத்தர் சாட்சி சொல்லணும். பிறப்பை அறிவிச்சவர்தான் இதையும் அறிவிக்கணும், அதாவது நீங்க." பிரோத் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே போனார். "செத்துட்டா உள்ளூரில் பிறந்தவர்ங்கிற முறையில மயானத்துல இலவச இடம் உண்டு. இருநூத்துப் பன்னிரண்டாம் எண் காலியாத்தான் இருக்கு. பக்கத்துல இருநூத்துப் பதிமூணும் காலி. வெளிநாட்டுக்காரரை அங்கே வைக்கணும்னா பக்கத்துல இருக்கிறவரோட ஏதாவது தொடர்பு காட்டணும். மனைவி, சகோதரர், படைத் தோழர், வாழ்க்கை வரலாறு எழுதினவர்..."

"ஆர்வில் எழுதின பத்தொன்பது கடிதமும் அதுதானே! வாழ்க்கை வரலாறு எழுதினவர்னா போட்டிருக்கு?" வெர்னா முன்னால் சாய்ந்தாள்.

"இதோ, கடைசி வரி."

எல்லாரும் செர்வேயைப் பார்த்தார்கள். பிரோத், வெர்னா, நாய் வரிக்காரர்கள்.

"முடியாது," என்றார் செர்வே. "தெரியாத ஆளைத் தெரியும்னு கையெழுத்துப் போட மாட்டேன். ஆறாயிரம் அட்டை எழுதியிருக்கேன். ஒண்ணுல பொய் இல்லை. இந்த வயசுல ஆரம்பிக்க மாட்டேன்."

"வியாழக்கிழமை பன்னிரண்டு மணி வரைக்கும் திறந்திருப்பேன்," என்றார் பிரோத்.

மறுநாள் புதன்கிழமை மத்தியானம் செர்வே வழக்கம்போலக் கீழே ஜோசினின் காபிக் கடையில் சாப்பிட உட்கார்ந்தார். ஜோசின் இறைச்சி உருண்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்த வேகத்தில் குழம்பு மேசையில் சிந்தியது. ஊர் முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. ஒரே நாளில் டில்காட்டை நேரில் பார்த்ததாகச் சொல்லும் இரண்டு கிழவர்கள்கூடக் கிளம்பியிருந்தார்கள்.

"ஒரு கையெழுத்து," என்றாள் ஜோசின். "கிட்னியா கேட்டாங்க? ஒரு கையெழுத்துதானே?"

"பொய்க் கையெழுத்து."

"ஓகோ, பெரிய உத்தமர். இந்த ஊரே பொய்ப் பேர் குத்திச் சோறு தின்ன ஊர். உன் தாத்தனும் சேர்த்துத்தான். அந்தம்மா இவ்வளவு தூரம் டப்பாவைத் தூக்கிட்டு வந்திருக்கு. அம்மாக்காரி பக்கத்துல மருமகனைப் படுக்க வைக்கிறதாம். நல்லா இருக்கு நியாயம். எனக்கும் ஒரு மாமியார் இருந்தாளே, தெரியும்ல?"

"அவர் நம்பினது தப்பு, ஜோசின். பத்தொன்பது தடவை சொன்னேன். பத்தொன்பது தடவையும் அந்த ஆள் கேக்கலை."

"கேட்டுட்டா நீ யாருக்கு எழுதியிருப்ப?"

செர்வே முள்கரண்டியைக் கீழே வைத்தார். உருளைக்கிழங்கு ஆறிப்போயிற்று. அந்த நேரத்தில் வெர்னா உள்ளே வந்து, கேட்காமலே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நிக்கோலாஸ் திருநாளுக்குப் போட்டிருந்த மசாலா பிஸ்கட்டில் ஒன்றை ஜோசின் அவளுக்கும் காபியோடு வைத்தாள். வெர்னா கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்தாள். தபால்தலை ஒட்டியிருந்தது, முத்திரை விழவில்லை.

"இது உங்களோடது. நான் தபால்ல போடலை. போடறதா வேண்டாமான்னு ஒன்பது மாசமா யோசிச்சேன். வேண்டாம்னுதான் இருந்தேன். ஆனா நீங்க நேர்மையான மனுஷர். உங்களுக்கு வர வேண்டியதை நான் வெச்சுக்கிறது சரியில்லை."

ஆர்வில் ஆஸ்பத்திரியில் எழுதிய இருபதாவது கடிதம். மற்றவை எட்டுப் பக்கம், பத்துப் பக்கம் வரும். இதில் ஒரே வரிதான் இருந்தது, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. 'ஐயா, நீங்கள் சொன்னதுதான் சரி. அப்படி ஒரு ஆள் கிடையாது.'

செர்வே அதை இரண்டு தடவை படித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, கையெழுத்து போலியாக இருக்குமோ என்று பார்த்தார். ஆர்வில் கையெழுத்துதான். அந்த வளைவு, அந்தச் சுழி, எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இருபத்திரண்டு வருஷச் சண்டையில் செர்வே ஜெயித்துவிட்டார். ஜெயித்தவருக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஆள் எட்டுப் பக்கம் எழுதி டில்காட்டுக்கு இன்னொரு விரலை வெட்டியிருக்கலாம், ரொட்டிக்காரர் மகளைக் கல்யாணம் செய்து வைத்திருக்கலாம், எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். இதை எழுதியிருக்கக் கூடாது என்று அவருக்குக் கோபமாக வந்தது.

"இப்படி எழுதினதுக்கப்புறமும் நீங்க அவரை டில்காட் பக்கத்துல வைக்கணும்னு வந்தீங்களா?"

"முப்பது வருஷம் நம்பினார், முசியே ரஹியே. மூணு நாள் நம்பலை. அந்த மூணு நாளும் அவருக்குக் காய்ச்சல், உடம்பு பூரா ஊசி. நான் எந்த ஆளைப் புதைக்கிறது? முப்பது வருஷத்து ஆளைத்தான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டில்காட் பக்கத்துல வைன்னு கேட்டதும் அந்த ஆள்தான். அது இந்தக் கடிதத்துக்கு முந்தின வாரம்."

வியாழக்கிழமை காலை பதினொன்றேகாலுக்குச் செர்வே ஊர் அலுவலகத்துக்கு வந்தார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். பிரோத் மஞ்சள் தாளைச் செருகி வைத்துத் தயாராக இருந்தார். பக்கத்தில் அரிசித் தார்ட் ஒரு அட்டைப் பெட்டியில், மேலே பெக்கே பாட்டில். வெர்னா பெஞ்சில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காலஞ்சென்ற ஆம்ப்ரோஸ் டில்காட்டை உங்களுக்கு எவ்வளவு காலமாத் தெரியும்?"

"இருபத்திரண்டு வருஷமா."

தட்டச்சுச் சத்தம் நின்றது. "நிச்சயமா?"

"அந்த ஆளைப் பத்தி இந்த உலகத்துல என்னைவிட யாருக்குத் தெரியும்? லண்டன்லேருந்து ஏன் ஓடி வந்தான்னு தெரியும். எந்த விரல் இல்லைன்னு தெரியும். எந்த வருஷம் மதம் மாறினான்னு தெரியும். எழுதுங்க."

"எந்த வகையில பழக்கம்? உறவா, நட்பா?"

"பகை."

பிரோத் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். "பகையும் செல்லும்," என்று தட்டினார். "எப்ப இறந்தார்?"

செர்வே கொஞ்சம் யோசித்தார். "இந்த வருஷம் மார்ச் மாசம்," என்றார். பெஞ்சில் வெர்னா தலையைக் குனிந்துகொண்டாள்.

செர்வே குனிந்து கையெழுத்துப் போட்டார். பிரோத் ஒவ்வொரு கொக்கியாக எட்டி நான்கு முத்திரைகளை எடுத்துக் குத்திவிட்டு, எண்பது முடிவதற்குள் இறந்தவருக்குத் தார்ட் தர விதியில்லை என்றார். பிறகு பெட்டியைப் பார்த்தார், வெர்னாவைப் பார்த்தார். சுட்டதைத் திருப்பி அனுப்பவும் விதியில்லை என்று சொல்லித் தாமே அதைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு மயானத்துக்கு நடந்தார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. குழி வெட்டுகிறவர் இரண்டு குழிகளையும் வெட்டி வைத்திருந்தார். இருநூற்றுப் பதிமூன்றாம் எண்ணுக்குச் சின்னது, சாம்பலுக்கு. இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணுக்கு ஆறடி, முழுசாக.

"இதுல என்ன வைக்கிறது?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லை," என்றார் பிரோத்.

"விடிஞ்சதுலேருந்து வெட்டினேனே! முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

வெர்னா தோளிலிருந்த தோல் பெட்டியைத் தொட்டாள். "துப்பாக்கியை வேணா வெச்சிடலாமா?"

"ஐயோ, வேண்டாம், துருப்பிடிச்சிரும்!" செர்வே பதறிப்போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். எனவே டில்காட்டின் குழியை வெறுமனே மூடினார்கள். குழி வெட்டுகிறவர் ஒவ்வொரு மண்வெட்டி மண்ணுக்கும் ஒரு முணுமுணுப்புப் போட்டார். பிறகு வெர்னா மண்டியிட்டுத் தோட்டா டப்பாவைச் சின்னக் குழிக்குள் இறக்கினாள். இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம் அதன் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. ஜோசின் குடைபிடித்துக்கொண்டு பின்னால் நின்று சத்தமாக மூக்கைச் சிந்தினாள்.

"யாராவது ரெண்டு வார்த்தை பேசணும்," என்றாள் வெர்னா. "எனக்கு வராது. அவர் இருந்தா அவர்தான் பேசுவார். நீங்க பேசுங்களேன், முசியே ரஹியே."

செர்வே தொப்பியைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்து இருபதாவது கடிதத்தை எடுத்தார். மழைத்துளி விழுந்து மை பரவ ஆரம்பித்ததால் கையால் மறைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த டில்காட்டின் மண்மேட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, சின்னக் குழிப் பக்கம் குனிந்து, காது மந்தமானவரிடம் பேசுவது போல உரக்கப் பேசினார்.

"ஆர்வில், உங்க கடிதம் கிடைச்சது. நீங்க எழுதினது தப்பு, ஐயா. அப்படி ஒரு ஆள் இருந்தார்."